எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வது? பன்னாட்டு உறவுகள் மேற்படிப்பு பற்றி

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு)

ஒரு நாடு மற்றொரு நாட்டோடு எப்படிப் பழகுகிறது, எதற்காகப் போரிடுகிறது, எதற்காக உடன்படிக்கை செய்துகொள்கிறது, கடலையும் ஆற்றையும் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறது என்பனவற்றை முறையாகக் கற்பிக்கும் படிப்புக்குப் பன்னாட்டு உறவுகள் என்று பெயர். சர்வதேச உறவுகள் என்றும் சொல்வார்கள். மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பயிற்சி, வங்கித் தேர்வு இவை தவிர வேறு வழி உண்டு என்பதையே பல வீடுகளில் ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே இந்தப் படிப்பைப் பற்றியும், இரண்டு மூன்று இடங்களில் சேர அனுமதி கிடைத்துவிட்டால் எதைத் தேர்வது என்பதைப் பற்றியும் நாங்கள் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை எழுதுகிறோம்.

சீர்காழிப் பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் நம் கடற்கரையைச் சற்றுப் பார்க்கட்டும். தரங்கம்பாடியில் 1620ஆம் ஆண்டு தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் நாட்டாருக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படிதான் அங்கே டேனிஷ் கோட்டை எழுந்தது. 1845இல் டேனியர் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். அதற்குத் தெற்கே காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. பழைய கதை போகட்டும். இன்றும் நாகை, மயிலாடுதுறை மாவட்ட மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால், 1974, 1976ஆம் ஆண்டுகளில் இந்தியாவும் இலங்கையும் வரைந்துகொண்ட கடல் எல்லையைப் பற்றித்தான் பேச்சு எழுகிறது. பழையாறு துறைமுகத்திலிருந்து எங்கள் வகுப்புக்கு வரும் தோழியரின் வீடுகளில் அது செய்தித்தாள் விஷயம் அன்று, அன்றாடக் கவலை. அந்த எல்லையை யார், எங்கே, எந்த மேசையில் அமர்ந்து வரைந்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு படிப்பு வேண்டாமா?

இது நூறு ஆண்டுகளைச் சற்றே கடந்த படிப்புதான். முதல் உலகப் போரில் இலட்சக்கணக்கானோர் மாண்ட பிறகு, இனி இப்படி நேராமலிருக்க வழி காணவேண்டும் என்று வேல்ஸ் நாட்டு அபெரிஸ்ட்வித் கல்லூரியில் 1919இல் இதற்கென ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினார்கள். அதற்குப் பொருள் கொடுத்தவர்கள் டேவிட் டேவிஸ் என்பவரும் அவருடைய இரு சகோதரிகளும் ஆவர். பிறகு 1927இல் ஜெனீவாவில் ஒரு நிறுவனம் தோன்றியது. நம் நாட்டில் 1955இல் டில்லியில் இந்திய சர்வதேசக் கல்விப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் அ. அப்பாதுரை அவர்கள் சென்னை லயோலா கல்லூரியில் வரலாறும் அரசியலும் கற்பித்தவர். அந்தப் பள்ளி 1970இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இன்றும் நம் நாட்டில் இத்துறையைப் பற்றிப் பேசினால் எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் அதுதான்.

சரி, எதைத் தேர்வது என்ற கேள்விக்கு வருவோம். எங்கள் பள்ளியில் படித்துச் சென்ற ஓர் அக்கா இந்த இக்கட்டில் உண்மையாகவே அகப்பட்டவர். பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறோம். இளங்கலை வரலாறு படித்தவர். அவருடைய அப்பாவுக்கு ஆறு மா நிலம், ஓர் ஓட்டு வீடு. அவருக்குப் பிறகு ஒரு தங்கை. இளங்கலை இறுதியாண்டில் அமெரிக்காவில் வாஷிங்டன் நகரிலுள்ள ஒரு பல்கலைக்கழகமும், லண்டனில் ஒன்றும் சேர்த்துக்கொள்வதாக எழுதின. புதுச்சேரிக்கும் டில்லிக்கும் நுழைவுத்தேர்வு எழுதி முடிவுக்காகக் காத்திருந்தார். வாஷிங்டனிலிருந்து கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி என்றும் கடிதத்தில் இருந்தது. வீடு முழுவதும் மகிழ்ச்சி. அவருடைய அப்பாயி மட்டும், “ஊரு நாட்டு வழக்கையெல்லாம் படிச்சு நீ என்னடி பண்ணப் போறே?” என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எந்த இடத்தையும் தேர்ந்தெடுக்க முடியாது என்பது பிறகுதான் புரிந்தது என்றார் அக்கா.

படித்துவிட்டு என்ன ஆவது? பெரும்பாலோர் ‘தூதர் ஆவேன்’ என்பார்கள். இந்திய அயல்நாட்டுப் பணியில் சேர ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப்பணித் தேர்வில் வெற்றி பெறவேண்டும். அதற்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். பன்னாட்டு உறவுகள்தான் படித்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. இது எங்களுக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

அயல்நாட்டுப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணி சி. பி. முத்தம்மா அவர்கள். குடகு நாட்டவர். மடிகேரியில் புனித சூசையப்பர் பெண்கள் பள்ளியில் படித்து, சென்னைக்கு வந்து மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். முதுகலையில் அவர் படித்தது ஆங்கில இலக்கியம்! 1949இல் பணியில் சேர்ந்தார். 1970இல் ஹங்கேரி நாட்டுக்குத் தூதரானார். பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்ள அரசின் அனுமதி பெறவேண்டும், குடும்பக் கடமை பணிக்கு இடையூறு என்று அரசு கருதினால் விலகச் சொல்லலாம் என்றெல்லாம் அக்காலத்தில் விதிகள் இருந்தன. ஆண்களுக்கு இவை இல்லை. தமக்குரிய பதவி உயர்வு மறுக்கப்பட்டதாக அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1979இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அவ்விதிகளைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். பார்வையற்ற பெனோ ஜெபைன் அவர்களும் சென்னையில் கன்னியர் நடத்தும் லிட்டில் பிளவர் பள்ளியிலும், ஸ்டெல்லா மாரிஸ், லயோலா கல்லூரிகளிலும் ஆங்கில இலக்கியம் படித்தே 2015இல் அயல்நாட்டுப் பணியில் சேர்ந்தார். முழுவதும் பார்வையற்ற ஒருவர் அப்பணிக்குச் சென்றது அதுவே முதல் முறை. வேறு வழியாக வந்தவர்களும் உண்டு. அயல்நாட்டுப் பணியில் செயலாளர் வரை உயர்ந்து, 2019இல் வெளியுறவு அமைச்சரான எஸ். ஜெய்சங்கர் அவர்கள் நேரு பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகளில் முனைவர் பட்டம் பெற்றவர்.

ஆகவே தூதர் பதவிதான் இலட்சியம் என்றால், அதற்காகக் கடன்பட்டு அமெரிக்கா போகவேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. ஆனால் கல்லூரிப் பேராசிரியர், ஆராய்ச்சி நிறுவனம், ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள், அகதிகளுக்கும் மீனவர்களுக்கும் உழைக்கும் தொண்டு நிறுவனங்கள் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்த முதுகலைப் பட்டம் உண்மையிலேயே பயன்படும். அக்கா நாடியது இரண்டாவது வகை. எல்லை தாண்டிய மீனவர் வழக்குகளை ஆராயவேண்டும் என்பது அவர் விருப்பம்.

அடுத்தது பணம். இதைப்பற்றிப் பேசுவது கௌரவக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். அக்கா அப்படி நினைக்கவில்லை. அமெரிக்காவில் பெயர்பெற்ற பன்னாட்டு உறவுப் பள்ளிகளில் ஓராண்டுக் கல்விக் கட்டணம் மட்டுமே ஐம்பதாயிரம் டாலருக்கு மேல். இரண்டாண்டுப் படிப்பு. ஒரு டாலர் எண்பது ரூபாய் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் ஓராண்டுக்கு நாற்பது இலட்சம் ஆகிறது. இருக்க இடமும் உணவும் தனி. எங்கள் வகுப்பில் இதை நெல்லாக மாற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2025-26ஆம் ஆண்டில் பொதுரக நெல்லுக்கு ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். நாற்பது இலட்சத்துக்கு ஏறக்குறைய 1,690 குவிண்டால் விற்கவேண்டும். ஏக்கருக்கு 25 குவிண்டால் விளைந்தால் 67 ஏக்கருக்கு மேல், அதாவது பத்து வேலியின் ஒரு போக விளைச்சல் முழுவதும்! நடவுக் கூலி, உரம், அறுவடை இயந்திர வாடகை எதையும் கழிக்கவில்லை. ஆறு மா என்பது இரண்டு ஏக்கர். மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி என்பது கடிதத்தில் படிக்கும்போது பெரிதாகத் தெரிகிறது. மீதி இரண்டு பங்கை யார் தருவார்?

வங்கிக் கடன் உண்டே என்பீர்கள். ஏழரை இலட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கின்றன. நம் பக்கத்தில் சொத்து என்றால் வயல்தான். ஆனால் வயலைப் பிணையாக ஏற்க வங்கிகள் தயங்குகின்றன. கடன் திரும்பாவிட்டால் நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுத்துக்கொள்ள வங்கிகளுக்கு 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதிகாரம் தருகிறது. அச்சட்டம் வேளாண் நிலத்துக்குப் பொருந்தாது. உழவரைக் காக்கும் விதிதான், நல்லதுதான். ஆனால் அதன் விளைவாக மிஞ்சுவது குடியிருக்கும் வீடு. படிக்கும் காலத்தில் தவணை கட்டவேண்டாமே தவிர, வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். “வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்துடறேன்மா, நீ போய்ட்டு வா” என்று அப்பா சொன்னாராம். அதைச் சொல்லும்போது அக்கா சற்று நேரம் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

உதவித்தொகைகள் இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை முழுச் செலவையும் ஏற்கும். ஆனால் அதற்கு ஏறத்தாழ இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்து இரண்டாண்டாவது தாய்நாட்டில் இருக்கவும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிக்கலாம். அந்த உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் இல்லை, மாதச் செலவுக்கும் தருவார்கள். ஆதிதிராவிட மாணவருக்கும், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. குடும்ப வருமானத்துக்கு அதில் ஒரு வரம்பு உள்ளது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் தாய்மாரின் பெண்கள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் இதற்கு முன் இது தெரியாது. இந்தக் கட்டுரையில் வேறொன்றும் நினைவில் நிற்காவிட்டாலும் இந்த ஒரு பெயராவது நிற்கட்டும் என்று அழுத்திச் சொல்கிறோம்.

இந்தியாவிலோ நிலைமை வேறு. நேரு பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு ஓராண்டுக் கல்விக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். விடுதியும் உணவும் தனி. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் ஏற்பட்டது. காலாப்பட்டில் கடலை ஒட்டி இருக்கிறது. சிதம்பரம், கடலூர் வழியாகப் பேருந்தில் போய்விடலாம். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் (இதையும் ஒரு காரணமாக எழுதவேண்டும் என்று வகுப்பில் சிலர் பிடிவாதம் செய்தார்கள்). டில்லியில் தெற்காசியப் பல்கலைக்கழகம் என்று ஒன்று உண்டு. சார்க் நாடுகள் எட்டும் சேர்ந்து ஏற்படுத்தியது. 2010இல் வகுப்புகள் தொடங்கின. இலங்கை, வங்காள தேசம், நேபாளம் முதலிய நாட்டு மாணவர்களும் நம்மவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து பன்னாட்டு உறவுகள் படிக்கும் ஏற்பாடு. மீனவர் சிக்கலை யாழ்ப்பாணத்து மாணவி ஒருத்தியின் வாயால் கேட்டால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். அவள் வீட்டு வலையை நம் விசைப்படகு அறுத்திருக்கவும் கூடுமல்லவா?

பெயர்பெற்ற இடம் என்றால் வேலை தானே கிடைக்கும் என்ற எண்ணமும் பலருக்கு உண்டு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகங்கள் தங்கள் பழைய மாணவர்கள் அமெரிக்க அயலுறவுத் துறையிலும் அரசு அலுவலகங்களிலும் இருப்பதைப் பெருமையாகச் சொல்லும். உண்மைதான். ஆனால் அமெரிக்க அரசு வேலைகள் பொதுவாக அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியவை. சீர்காழியிலிருந்து போகிறவளுக்கு அந்தக் கதவு திறக்காது. படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை பார்க்க இத்துறையினருக்குப் பொதுவாக ஓராண்டுதான் அனுமதி. அந்த ஓராண்டுக்குள் அவ்வளவு கடனையும் அடைப்பது நடக்கிற காரியமா? ஆகவே, ‘உங்கள் பழைய மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள்?’ என்று கேட்பதைவிட, ‘என்னைப் போல இந்தியாவிலிருந்து வந்து படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?’ என்று கேட்கவேண்டும். அக்கா அப்படியே எழுதிக் கேட்டார். அலுவலகத்திலிருந்து வந்தது ஒரு வண்ணப் பிரசுரம். அங்கே படித்த இந்திய மாணவியர் இருவரைத் தேடிப்பிடித்து எழுதியபோதுதான் உருப்படியான விடை கிடைத்ததாம். ஒருவர் நல்ல வேலையில் இருந்தார். மற்றவர் தம் அப்பாவின் ஓய்வூதியப் பணத்தில் வட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

பாடத்திட்டத்தையும் பார்க்கத்தான் வேண்டும். ஒரே பட்டப் பெயருக்குள் ஓரிடத்தில் போரும் பாதுகாப்பும் மிகுதி, ஓரிடத்தில் வணிகமும் புள்ளியியலும் மிகுதி, ஓரிடத்தில் சட்டம். கடல் சட்டம் படிக்க விரும்பும் பெண் அணுகுண்டுக் கொள்கையில் புகழ்பெற்ற இடத்தில் சேர்ந்து என்ன பயன்? மொழியும் அப்படியே. ஐக்கிய நாடுகள் சபைக்கு ஆறு அலுவல் மொழிகள்: அரபு, ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். இவற்றில் ஆங்கிலத்தோடு இன்னொன்று தெரிந்தால் பெரிதும் உதவும். பிரெஞ்சு கற்க நமக்குப் புதுச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது.

இனி எங்களுக்கு மிகவும் பயமூட்டியது தேதிகள். உதவித்தொகையோடு வரும் அழைப்புகளுக்கு ஏப்ரல் 15ஆம் நாளுக்கு முன் மாணவர் முடிவு சொல்லவேண்டியதில்லை என்று பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருக்கின்றன. அந்த நாள் வந்துவிட்டால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாகவேண்டும். இடத்தை உறுதி செய்ய முன்பணம் கட்டச் சொல்லும் இடங்களும் பல. பெரும்பாலும் அது திரும்பி வராது. நம் நாட்டிலோ மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான முதுகலைப் பொது நுழைவுத்தேர்வே மார்ச் மாதத்தில்தான் நடக்கிறது. முடிவு வந்து, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே பட்டியல் வெளியிட்டு, இடம் உறுதியாகும்போது கோடை முடிந்துவிடுகிறது. அதாவது கையில் உள்ளதை விடுவதா என்று முடிவு செய்யும்போது, வரப்போவது வருமா என்று தெரியாது. முன்பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருக்கலாம். வசதி உள்ளவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அக்கா வீட்டில் சம்பா அறுவடைப் பணம் அதற்குள் செலவாகியிருந்தது.

அவர் வாஷிங்டனுக்கு எழுதி உதவித்தொகையை உயர்த்தக் கேட்டார். அப்படிக் கேட்பது தவறன்று, பலரும் கேட்பதுதான். சிறிது உயர்த்தினார்கள், போதவில்லை. அடுத்த ஆண்டு சேரலாமா என்று கேட்டார். சேரலாம், ஆனால் உதவித்தொகைக்கு உறுதி சொல்ல இயலாது என்று பதில் வந்தது. லண்டனில் ஓராண்டிலேயே படிப்பு முடிந்துவிடும், ஆகவே மொத்தச் செலவு குறைவு. ஆனால் அங்கே உதவித்தொகை ஒன்றும் இல்லை. ஏப்ரல் 14ஆம் நாள் இரண்டு இடங்களுக்கும் நன்றி தெரிவித்து, வரவில்லை என்று எழுதிவிட்டார். அப்போது கையில் ஒன்றுமே இல்லை. புதுச்சேரிப் பட்டியல் பிறகுதான் வந்தது. அதன் பின்னும் சில வாரம் கழித்து டில்லியிலும் இடம் கிடைத்தது. டில்லிக்குப் போனார். இப்போது முதுகலையை முடித்துவிட்டு, சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் மீனவர் சிக்கல் குறித்த திட்டம் ஒன்றில் பணி செய்கிறார். இரண்டாண்டு வேலை அனுபவம் நிறைந்ததும் செவனிங்குக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறார்.

அக்கா செய்தது சரியா என்று எங்கள் வகுப்பில் பெரிய வாக்குவாதமே நடந்தது. உலகம் முழுவதிலிருந்தும் மாணவர் வரும் இடத்தை விட்டுவிட்டாரே, பையனாக இருந்தால் வீட்டுப் பத்திரத்தை வைத்தாவது அனுப்பியிருக்க மாட்டார்களா என்று ஒரு கட்சி. அப்பா கொடுக்கத்தானே முன்வந்தார், மறுத்தது அக்காதான், தங்கையின் படிப்புக்கும் அதே வீடுதானே என்று மறு கட்சி. கை தூக்கச் சொல்லி எண்ணிப் பார்த்தோம். மூன்றே மூன்று கைதான் வித்தியாசம். எந்தப் பக்கம் அதிகம் என்பதை எழுதக்கூடாது என்று தீர்மானித்துவிட்டோம். எழுதினால் மறுபடியும் சண்டை வரும்!

பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுத்தால் இதற்குப் போகலாம் என்று பலர் கேட்கிறார்கள். எந்தப் பிரிவானாலும் போகலாம். வரலாறு, பொருளாதாரம், அரசியல் அறிவியல் படித்தவர்களுக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் எளிதாக இருக்கும், அவ்வளவே. அறிவியல் பிரிவில் படித்துப் பிறகு இப்பக்கம் வந்தவர்களும் இருக்கிறார்கள். செய்தித்தாளில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை நிலப்படத்தோடு படிக்கச் சொன்னார் அக்கா. நம் பள்ளி நூலகத்தில் பெரிய நிலப்பட நூல் ஒன்று இருக்கிறது. நூலகச் சகோதரியிடம் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதில் சோவியத் ஒன்றியம் இன்னும் ஒரே நாடாக, இரண்டு பக்கத்துக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் நீண்டு கிடக்கிறது. 1991இல் அது பதினைந்து நாடுகளாகப் பிரிந்துவிட்டது. அப்பதினைந்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அந்தத் தாளை யாரும் எடுத்துவிட வேண்டாம்.